ஆடை படியும் நாளில் கதவைத் தட்டக் கூடாது

என் அப்பா நோயெல் பவ்ரெல் எழுபத்தொரு வயதில், தன் சொந்த நிலவறையில், மூச்சு விடக் காற்றில்லாமல் செத்துப்போனார். ஊரில் இதை இப்படிச் சொல்ல மாட்டார்கள். பீப்பாய்களுக்கு நடுவே கண்ணை மூடினார் என்பார்கள். அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு மேஜையிலேயே, அவர் செய்த மஞ்சள் ஒயினை ஊற்றிக் குடித்தார்கள்.

நான் அவர் மகள் அகாத். சுரங்கச் சாலைகளுக்குக் காற்று ஏற்பாடு செய்யும் பொறியாளர். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் லாரி ஓட்டிப் போகிறவர்கள் மறுபக்கம் உயிரோடு வெளியே வருவதற்குக் கணக்குப் போடுவது என் வேலை. அப்பா எப்படிச் செத்தார் என்பதை எனக்கு யாரும் அழகாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மொழியில் நோயெல் என்றால் கிறிஸ்துமஸ். அவர் அன்று பிறந்தார், அதனால் அந்தப் பெயர். ஜூரா மலைச்சரிவில் சோவனே என்ற எங்கள் ஊரை விட்டு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நீண்ட காலம் வெளியே போனார். கட்டாய ராணுவ சேவைக்கு, ஜெர்மனிக்கு. அங்கிருந்து ஒரே ஒரு ஜெர்மன் வசைச்சொல்லைக் கொண்டுவந்து, நாற்பத்தைந்து வருடம் அதை டிராக்டரின் மேல் பயன்படுத்தினார். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு சமையல் என்றால் சூப், புகையூட்டிய சாசேஜ், உருளைக்கிழங்கு. வாரம் முழுக்க அதே. நானும் தம்பியும் முகம் சுளித்தால், "திராட்சைக் கொடி தினமும் வேற வேற மண்ணா கேக்குது?" என்பார்.

திராட்சைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் வாய் நீளும். பூல்சார் என்ற சிவப்புத் திராட்சைக்குத் தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. "தொட்டா அழுவா," என்பார். த்ரூசோவுக்கு நல்ல சூடு வேண்டும். "வெயில் இல்லன்னா வேலைக்கு வர மாட்டான், சம்பளம் மட்டும் கேப்பான்." ஷார்தொனே பக்கத்து மாகாணத்திலும் உலகம் முழுக்கவும் வளர்வதால் அதன்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "எங்க போனாலும் வாடகைக்கு இருக்கிறவன்." சவாஞ்ஞன் மட்டும் வேறு. கொட்டைப்பாக்கு மாதிரி சின்ன வெள்ளைத் திராட்சை, தடித்த தோல், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பழுக்கும். ஊரே அறுவடையை முடித்துக் கை கழுவிய பிறகும் அப்பா அதைச் சரிவில் விட்டுவைப்பார். அதைப் பற்றி மட்டும் கேலி பேச மாட்டார்.

மஞ்சள் ஒயின் அதில்தான் வரும். செய்முறை என்று பார்த்தால், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் செய்முறை. ஒயினைப் பீப்பாயில் ஊற்றி விட்டுவிட வேண்டும். மரம் குடித்து, காற்று குடித்து, வருடத்துக்கு வருடம் மட்டம் இறங்கும். மற்ற ஊர்களில் இறங்கிய அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவார்கள். நாங்கள் நிரப்ப மாட்டோம். அந்தக் காலி இடத்தில், காய்ச்சிய பாலில் படிகிற மாதிரி, ஒயினின் மேல் ஓர் ஆடை படியும். ஆறு வருடத்துக்கு மேல் அந்த ஆடை கலையாமல் இருந்தால் கீழே அக்ரூட் வாசனையோடு மஞ்சள் ஒயின் இருக்கும். கலைந்து மூழ்கினால் வினிகர் இருக்கும். அதற்குப் பிறகுதான் சுவைத்துப் பார்க்கிற குழு வரும். அவர்கள் தலையசைத்தால் புட்டியில் எங்கள் மலைச்சரிவின் பெயரைப் போடலாம். இல்லாவிட்டால் அது வெறும் ஒயின், எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். எங்கள் ஊரில் "பெயர்" என்றால் இந்தப் பெயர்தான். குழந்தைக்கு வைக்கிற பெயருக்குக்கூட அத்தனை யோசிக்க மாட்டார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது ஊருக்குத் தார்ச்சாலை போட்டார்கள். உருளை வண்டி நிலவறைகளை ஒட்டிப் போனது. அதிர்வில் பல வீடுகளில் ஆடை விழுந்துவிட்டது. அந்த வருடத்துப் பீப்பாய்கள் பெயர் வாங்காமல் போயின. அதிலிருந்து ஊரில் ஒரு வழக்கம் வந்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆடை புதிதாகத் தடிக்கும். அந்த வாரங்களில், கவாத்து செய்த கொடிக் குச்சி ஒன்றை வளைத்து நிலவறைக் கதவின் கைப்பிடியில் கட்டிவைப்பார்கள். குச்சி கட்டிய கதவை யாரும் தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. அந்தச் சுவரில் பிள்ளைகள் பந்து அடிக்கக் கூடாது. சட்டம் இல்லை. ஆனால் சோவனேயில் சிவப்பு விளக்கை மீறி வண்டி ஓட்டியவன் இருக்கிறான், குச்சி கட்டிய கதவைத் தட்டியவன் கிடையாது.

இலையுதிர் காலத்தில்தான் சிவப்புத் திராட்சையும் தொட்டியில் நொதிக்கும். எங்கள் நிலவறையில் ஒரு பக்கம் பீப்பாய்கள், இன்னொரு பக்கம் தொட்டிகள். நொதிக்கிற சாறு தன் அளவைப் போல நாற்பது மடங்குக்கு மேல் கரியமில வாயுவை வெளியே விடும். அது காற்றைவிடக் கனம். தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். நிலவறைக்குக் கதவைத் தவிர வேறு வழி இல்லை.

இதை நான் அப்பாவிடம் பத்து வருடம் சொன்னேன்.

"விசிறி வைக்கணும்ப்பா. சுவத்துல அடியில ஒரு துளை. அவ்வளவுதான்."

"என் தாத்தாவுக்கு விசிறி இருந்துச்சா?"

"உங்க தாத்தாவோட தம்பி எப்படிச் செத்தாரு?"

"அவன் குடிச்சிட்டுத் தொட்டிக்குள்ள விழுந்தான்."

"குடிச்சதால விழுந்தாரா, மூச்சடைச்சு விழுந்தாரா?"

"ரெண்டுல எதுவா இருந்தா என்ன? அந்த வருஷ ஒயின் நல்லாத்தான் இருந்துச்சு."

"சிரிக்காதீங்க."

"மெழுகுவத்தி எடுத்துக்கிட்டுத்தானே இறங்கறேன்."

"அதை நீங்க மொகத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்கறீங்க. அது அணையற நேரத்துல நீங்க ஏற்கெனவே தரையில கிடப்பீங்க."

"இதெல்லாம் லியோன் பட்டணத்துல படிச்சதா?"

"ஆமா."

"அதான். அங்க காத்தே கெட்ட காத்து."

துளை போட்டால் சுவர் அதிரும், விசிறி ஓடினால் தரை அதிரும், ஆடை விழும். அவருடைய வாதம் அவ்வளவுதான். வாயு ஏறினால் கத்துகிற மானி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கத்துகிற எதையும் பீப்பாய் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்றார். அவர் போன பிறகு சமையலறை மேஜையின் இழுப்பறையில் அதைக் கண்டெடுத்தேன். பேட்டரி இல்லை. பேட்டரிகள் தொலைக்காட்சி ரிமோட்டில் இருந்தன.

அக்டோபரில் ஒரு காலை, பூல்சார் தொட்டியில் மேலே மிதந்து வரும் தோல்களைக் கம்பால் அமுக்கிவிட இறங்கினார். கதவைச் சாத்திக்கொண்டார், குச்சி கட்டியிருந்தது. என் தம்பி ரெஜிஸ் மேல் சரிவில் கொடிகளுக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். அடுப்பில் சூப் அப்படியே இருந்தது. அப்பா பீப்பாய்களோடு இருக்கிறார் என்று நினைத்து, தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்துவிட்டுக் காத்திருந்தான். வெகு நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தான். அதையும் கிறீச் என்று சத்தம் வராமல் மெதுவாகத் திறந்தானாம். அவனே சொன்னான். மூக்கில் சுருக்கென்று ஏறியதும் படியிலேயே நின்று தீயணைப்பு வீரர்களைக் கூப்பிட்டான். அந்தப் புத்தியாவது இருந்தது.

இனி அடக்கத்தன்று நடந்தது. பக்கத்து வீட்டு மார்சலன் அப்பாவின் வயதுக்காரர், எங்களுக்கு மாமா முறை மாதிரி. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ நல்ல நினைவைப் பகிர்கிறவர் போல என்னிடம் சொன்னார்.

"அன்னைக்குக் காலையில பம்ப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். உள்ள வாளி விழுந்த சத்தம் கேட்டுச்சு. படியில உருண்டு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அமைதி."

"நீங்க என்ன செஞ்சீங்க மாமா?"

"பம்ப்பைச் சுவத்தோரம் வெச்சிட்டுப் போயிட்டேன்."

"கூப்பிடலயா?"

"குச்சி கட்டியிருந்துச்சே." என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாததா?"

மேஜையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். யாருக்கும் அவர்மேல் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. தலையைத்தான் ஆட்டினார்கள். அவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள். திராட்சைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் என் தோளைத் தொட்டார்.

"பாரு பொண்ணே, நோயெல் கடைசி வரைக்கும் ஆடையைக் கலைக்கல. எட்டுப் பீப்பாயும் அப்படியே நிக்குது. எத்தனை பேருக்கு வரும் அந்தச் சாவு?"

"பீப்பாய் நிக்குது," என்றேன். "அப்பா பெட்டியில கிடக்கறாரு. கையை எடுங்க."

மருத்துவரிடம் பிறகு கேட்டேன். சில நிமிடங்களுக்குள் வெளியே இழுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்றார். மார்சலன் மாமா உள்ளே ஓடியிருந்தால் அவரும் விழுந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஓடச் சொல்லவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துத் தெருவில் நின்று கத்தியிருக்கலாம். தீயணைப்பு நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் இருக்கிறவர்கள் இதே ஊர்ப் பையன்கள், அறுவடைக்கு எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். ஒரு மனிதன் ஒரு கதவைத் தட்டியிருந்தால் போதும். ஒயினுக்கு வலிக்கும் என்று தட்டவில்லை.

அப்பாவின்மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவர் என்பதற்காக விட்டுவிட முடியவில்லை. பிடிவாதத்தை ருசி என்று நினைத்த மனிதர். என் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினார். அதில் எழுதியிருந்த வேலையைத் தன் வீட்டில் செய்ய விடவில்லை.

வசந்தம் வந்ததும் ரெஜிஸ் மறுபடி குச்சி கட்டினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த அக்டோபரில் அவன் அதே நிலவறையில், அதே தொட்டியில், பூல்சார் போடப்போகிறான். தனியாக.

வீடும் நிலவறையும் எங்கள் இருவருக்கும் பொது. ஆகஸ்டில் துளை போட வருகிறேன் என்று சொன்னேன். அவன் கொடிகளுக்கு நடுவே, கையில் கத்தரிக்கோலோடு நின்றான்.

"ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கக்கா. மூத்த பீப்பாய் ரெண்டும் அதுக்குள்ள பெயர் வாங்கிடும். அப்புறம் போடு."

"அப்ப அடுத்த ரெண்டும் ஆறாவது வருஷத்துல இருக்கும். அதுக்கும் ஒரு வருஷம் கேப்ப. எப்பவும் ஏதாவது ஒரு பீப்பாய் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும்."

அவன் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டான்.

"அப்ப தொட்டியை மேல கொட்டகைக்கு ஏத்து," என்றேன்.

"தகரக் கொட்டகையில பூல்சார் வெந்துடும். ஜாம் போட்டு விக்கவா?"

"அப்ப விசிறி."

"குழாய் வெச்ச விசிறி ஒண்ணு வாங்கறேன். இறங்கறப்ப மட்டும் வாசல்ல வெச்சு ஓட்டறேன். போதுமா?"

"ரெண்டு நாள் ஓட்டுவ. மூணாவது நாள் ஆடை அதிருதுன்னு கொட்டகையில போடுவ. அப்பாகிட்டகூட மானி இருந்துச்சு."

"அப்பா இருந்திருந்தா சுவத்துல துளை போட விட்டிருப்பாரா?"

"விட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு."

அவன் திரும்பிக்கொண்டான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். "அது அவர் கை பட்ட ஒயின்க்கா. அந்த ரெண்டு பீப்பாய் சவாஞ்ஞனையும் நானும் அவரும் பனி விழுந்த அன்னைக்கு அறுத்தோம். விரல் மரத்துப்போச்சு. அவருக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் போய் வினிகராக்கணும்னு சொல்றியே."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

"போன அக்டோபர்ல எனக்கு போன் பண்ணினது நீ," என்றேன். "இந்த அக்டோபர்ல யாரு பண்ணுவா? மார்சலன் மாமாவா?"

அவன் கத்தரிக்கோலோடு அடுத்த வரிசைக்குப் போனான். சரி என்று சொல்லவில்லை.

ஆகஸ்டில், வேலையிடத்திலிருந்து வைரப்பல் துளைக்கருவியைக் கொண்டுபோனேன். எங்கள் சுவர் ஒரு மீட்டர் கனம், சுண்ணாம்புக் கல். கருவியைச் சுவரில் இறுக்கி, தண்ணீர்க் குழாயை மாட்டினேன். அதற்குள் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ரெஜிஸ் படிக்கட்டில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

சங்கத் தலைவர் வேலிக்கு வெளியே நின்றார். "பொண்ணே, இதைச் சங்கத்துல கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே. ஊர் மொத்தத்துக்கும் இது பெயர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"நீங்க மூச்சு விடறப்ப சங்கத்துல கேட்டுட்டா விடறீங்க?"

"படிச்ச திமிரு."

"ஆமா. படிச்ச திமிருதான். உங்க நிலவறைக்கும் வேணும்னா சொல்லுங்க, இலவசமா போட்டுத் தரேன்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான். மார்சலன் மாமா மட்டும் வேலியைத் தாண்டி என் பக்கத்தில் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"எனக்குத் தூக்கமே வரதில்ல அகாத். அந்த வாளி உருள்ற சத்தம் காதுலயே இருக்கு."

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"தள்ளி நில்லுங்க மாமா, கல் தெறிக்கும்," என்றேன். கருவியை முடுக்கினேன்.

சத்தம் பற்களுக்குள் இறங்கியது. பாதிச் சுவரில் ஒரு சிக்கிமுக்கிக் கல் மாட்டி, கருவி உதறியது. வீடே குலுங்கியது. நிறுத்தவில்லை. மாலைக்குள் துளை மறுபக்கம் வந்துவிட்டது. தரை மட்டத்தில் முதல்முறையாக வெளிக்காற்று உள்ளே வந்தது. நிலவறையில் எத்தனையோ தலைமுறையாகத் தேங்கிய வாடை கலைந்தது.

ரெஜிஸ் எழுந்து போய், ஒவ்வொரு பீப்பாயின் அடைப்பையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். ஆறு பீப்பாய்களில் ஆடை விரிசல் விட்டிருந்தது, சில வாரத்தில் அது மறுபடி சேர்ந்துவிடும். மூத்த இரண்டிலும் ஆடையே இல்லை. திரிந்த பாலின் துண்டுகள் மாதிரி அது அடியில் கிடந்தது. அடைப்பை மூடிவிட்டு, முற்றத்துக் குழாயில் முகம் கழுவினான். என்னோடு பேசாமல் வீட்டுக்குள் போனான். நான் விசிறியைப் பொருத்தி, மானியைச் சுவரில் பதித்து, கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையும் மாறி எரிகிற விளக்கு வைத்து, வாயு ஏறினால் கதவு பூட்டிக்கொள்ளும்படி இணைத்துவிட்டு லியோனுக்குக் கிளம்பினேன். உள்ளே இருப்பவன் வெளியே வரலாம், வெளியே இருப்பவன் உள்ளே போக முடியாது.

அந்த இரண்டு பீப்பாய்களிலும் புளிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. ரெஜிஸே சங்கத்துக்கு எழுதி, அவற்றைப் பெயருக்கு அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். ஊரில் என்னை வினிகர்க்காரி என்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள்.

இந்த அக்டோபரில், நான் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடுவது அதுதான் முதல்முறை. திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். எடுத்தேன்.

"கதவு திறக்க மாட்டேங்குது," என்றான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சிவப்பு எரியுதா?"

"எரியுது. உன் சனியன் பிடிச்ச விசிறி கழுதை மாதிரி கத்துது. நான் தோலை அமுக்கணும். பூல்சார் காத்திருக்க மாட்டா."

"காத்திருக்கட்டும்."

"மார்சலன் மாமா தெருவுல நின்னு பாக்கறாரு."

"பாக்கட்டும்."

"அப்பா இந்நேரம் அமுக்கி முடிச்சிட்டு சூப் குடிச்சிருப்பாரு."

"இல்ல," என்றேன். "குடிக்கல."

அவன் அந்த ஜெர்மன் வசைச்சொல்லைச் சொன்னான். என்னையா, விசிறியையா, தெரியவில்லை. அவன் மூச்சு வாங்குவது போனில் கேட்டது.

"எவ்வளவு நேரம் வெளிய நிக்கறது?"

"பச்சை வர்ற வரைக்கும்."

"மழை பெய்யுதுக்கா."

"நனை."